பான் ஏஷியன் ரெஸ்டாரன்டில் முதல் தடவை: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாய்லாந்து, ஜப்பான், சீனா, கொரியா, வியட்நாம், மலேசியா என்று பல நாட்டுச் சாப்பாடு ஒரே மெனுவில், கூடவே ஒரு பார். இதுதான் பான் ஏஷியன் ரெஸ்டாரன்ட். நம்ம பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கோ கொச்சிக்கோ போகும்போது இப்படி ஒரு இடத்தில் உட்காரும் வாய்ப்பு வருகிறது. இல்லையென்றால் சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அப்பா அம்மாவை ஆசையாகக் கூட்டிப் போகிறார்கள். போன இடத்தில் தடிமனான மெனுவைக் கையில் கொடுத்ததும், வாயில் நுழையாத பெயர்களைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சிக்கன் ஃபிரைட் ரைஸ் போதும் மக்கா" என்று அட்டையை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தேங்காய்ப்பால், புளி, இஞ்சி, இறால், கணவாய், அரிசி என்று நம் அடுக்களையில் தினமும் புழங்குகிற பொருள்கள்தான் அந்த மெனு முழுக்க இருக்கின்றன. மீன் ருசி தெரிந்த நம்ம ஊர்க்காரர்கள் அங்கே போய் வெறும் ஃபிரைட் ரைஸோடு திரும்பக் கூடாது.

இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு நாடு போதும். மெனுவில் எல்லாம் இருக்கிறதே என்று சுஷி ஒன்று, கிம்ச்சி ஒன்று, தாய் கறி ஒன்று, செச்சுவான் சிக்கன் ஒன்று என்று ஆளுக்கொரு நாட்டைச் சொன்னால் மேசை நிறையும், ஆனால் வாய்க்கு எதுவும் பிடிபடாது. ஜப்பான்காரர்களின் மெல்லிய ருசி செச்சுவான் காரத்துக்குப் பக்கத்தில் காணாமல் போய்விடும். இரண்டு நாட்டைத் தேர்ந்தெடுங்கள், மீதியை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

கிளம்பும் முன்

முதலில் போன் பண்ணி மேசை சொல்லி வையுங்கள். சனி, ஞாயிறு ராத்திரி இல்லாமல் வார நாளாக இருந்தால் நல்லது, சமையல்காரருக்கும் பரிமாறுகிறவருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். போனிலேயே நாலைந்து விஷயம் கேட்டுக்கொள்ளலாம்: குழந்தைகளை அழைத்து வரலாமா, பாரிலிருந்து தள்ளி மேசை கிடைக்குமா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, செருப்பும் ஷார்ட்ஸும் போட்டு வரலாமா. சில ஸ்டார் ஓட்டல்களில் ரப்பர் செருப்போடு வந்தால் பாருக்குள் விடமாட்டார்கள். வாசலில் போய் நின்று இதைத் தெரிந்துகொள்வதைவிட முன்பே கேட்டுவிடுவது மேல். இன்னொரு கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம்: "உங்க கிச்சன்ல எந்த நாட்டுச் சாப்பாடு ஸ்பெஷல்?" எல்லா நாட்டையும் ஒரே தரத்தில் சமைக்கிற அடுக்களை அபூர்வம். ஒரு இடத்தில் டிம்சம் பிரமாதமாக இருக்கும், இன்னொரு இடத்தில் தாய் கறி. அவர்கள் சொல்கிற அந்த நாடுதான் உங்கள் இரண்டில் ஒன்று.

குடிக்கிற எண்ணம் இருந்தால் வயதுச் சான்று எடுத்துப் போங்கள். இங்கே நம்ம எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, களியக்காவிளை தாண்டிவிட்டால் 23. கேரளத்தில் 2017-ல்தான் 21-லிருந்து 23 ஆக்கினார்கள். கல்லூரி முடித்த கையோடு நண்பர்கள் சேர்ந்து திருவனந்தபுரம் போனால், நாகர்கோவிலில் செல்லுகிற வயது அங்கே செல்லாது. அதேபோல கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி பொதுவாக மது விற்காத நாள், காந்தி ஜெயந்திக்கு இரண்டு மாநிலத்திலும் கிடையாது. பாரை நம்பிப் போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், திரும்பி வர யார் வண்டி ஓட்டுவது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். அந்த ஆள் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

உட்கார்ந்ததும்

தண்ணீர் ஊற்ற வருகிறவர் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்பார். இரண்டுமே காசு கொடுத்து வாங்குகிற பாட்டில் தண்ணீர்தான், இரண்டாவது கேஸ் ஏற்றியது. சாதாரண தண்ணீர் வேண்டுமென்றால் "ரெகுலர் வாட்டர்" என்று சொல்லுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள், அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதிரி ரெஸ்டாரன்டுகளில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, டார்ஜிலிங் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து மேசைக்குள்ளேயே "சைனாக்காரன்" என்று குசுகுசுப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் நம் நாட்டுப் பிள்ளைகள், வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து உழைக்கிறவர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் போய்ப் பாடுபடுவதைப் பார்த்து வளர்ந்த நாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பேர் கேளுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், தமிழோ மலையாளமோ அவர்களுக்கு வராவிட்டால் பொறுமையாக மெனுவில் விரல் வைத்துக் காட்டுங்கள். எந்தப் பதார்த்தம் அன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மெனுவை எப்படிப் படிப்பது

வரிசையாக மேலிருந்து கீழே படிக்காதீர்கள், தலை சுற்றும். நாடு நாடாகப் பிரித்துப் பாருங்கள்.

தாய்லாந்து நம்ம நாக்குக்கு மிகவும் கிட்ட. டாம் யம் சூப்பில் புளிப்பும் காரமும், டாம் கா சூப்பில் தேங்காய்ப்பால். கறிகளில் பச்சை, சிவப்பு, மசமன் மூன்றும் எல்லா இடத்திலும் இருக்கும். பச்சை நிறத்தைப் பார்த்து மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள், பச்சை மிளகாயை அரைத்துச் செய்வதால் பொதுவாக அதுதான் காரம் கூடியது. மசமன்தான் சாது, அதில் கிராம்பு, பட்டை, ஏலக்காய் எல்லாம் விழுகிறது, கிழங்கும் வேர்க்கடலையும் சேரும். மாறாமலைக் கிராம்பின் வாசம் தெரிந்தவர்களுக்கு மசமன் முதல் கரண்டியிலேயே பிடித்துப்போகும். வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் அதையே சொல்லுங்கள்.

சீனா என்றால் இங்கே இரண்டு விதம். டிம்சம் தெற்குச் சீனத்துக் கான்டன் பக்கத்தது, மெல்லிய மாவுத்தோலுக்குள் இறாலோ கறியோ வைத்து ஆவியில் வெந்தது, காரமில்லாதது. செச்சுவான் அதற்கு நேரெதிர், மிளகாயோடு ஒரு வகை மிளகும் சேர்ப்பார்கள், அது நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் ஏதோ ஒவ்வாமை என்று பயந்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கோபி மஞ்சூரியன் சீனத்துச் சாப்பாடு அல்ல, மஞ்சூரியன் மும்பையில் பிறந்தது. அதை நாகர்கோவிலிலேயே நன்றாகப் போடுகிறார்கள், இங்கே வந்து அதற்குக் காசைக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அடம்பிடிக்கிற சின்னப் பிள்ளைக்கு வேண்டுமானால் ஒரு பிளேட் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் சோற்றோடு மீனோ காயோ சேர்த்த சுஷி, பச்சை மீனை மட்டும் சீவி வைத்த சஷிமி, ராமென் என்கிற நூடுல்ஸ் சூப், மாவில் முக்கிப் பொரித்த டெம்புரா. கொரியாவில் முட்டைக்கோஸைக் காரமாகப் புளிக்க வைத்த கிம்ச்சி, சோற்றின் மேல் காய்கறியும் முட்டையும் வைத்துப் பிசைந்து சாப்பிடுகிற பிபிம்பாப். வியட்நாமில் ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப், அரிசித்தாளில் பச்சைக் காய் சுற்றிய ரோல், வெயில் நாளில் அந்த ரோல் வயிற்றுக்குச் சுகம். மலேசியா, இந்தோனேசியா பக்கத்தில் லக்சா என்கிற நூடுல்ஸ் சூப், குச்சியில் குத்திச் சுட்ட சதே, அவர்கள் ஊர் ஃபிரைட் ரைஸான நாசி கோரெங்.

ஜோடி சேர்ப்பதற்கு எனக்குப் பிடித்த வழி இது: டிம்சமும் தாய் கறியும் நன்றாகச் சேரும், முதலில் மெல்லியது, பிறகு காரம். சுஷி சாப்பிடுவதென்றால் கூட வியட்நாம் வைத்துக்கொள்ளலாம். சுஷியும் செச்சுவானும் ஒரே மேசையில் வேண்டாம்.

ஆர்டர் சொல்லும் முன் கேட்க வேண்டியவை

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தாலும், வெஜ் என்று எழுதியிருந்தாலும், வாய்விட்டுக் கேளுங்கள். தாய், வியட்நாம் சமையலில் நாம் உப்புப் போடுகிற இடத்தில் அவர்கள் ஃபிஷ் சாஸ் ஊற்றுகிறார்கள், அது நெத்தோலியையும் உப்பையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்து வடித்த சாறு. தாய் கறிக்கு அரைக்கிற விழுதில் இறால் விழுது சேர்ப்பது வழக்கம். சீனக் கீரைப் பொரியலில் ஆய்ஸ்டர் சாஸ் இருக்கலாம், அது சிப்பிச் சாறு. ஜப்பானிய மிசோ சூப்பைப் பார்த்தால் டோஃபு என்ற சோயாக் கட்டியும் வெங்காயத்தாளும்தான் மிதக்கும், ஆனால் அடியில் இருக்கிற டாஷி என்ற சாற்றைப் பெரும்பாலும் உலர்ந்த சூரை வகை மீன் சீவல் போட்டுத்தான் எடுப்பார்கள். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் மாதிரிதான் தெரியும், அதிலும் ஃபிஷ் சாஸோ உப்பிட்ட இறாலோ சேரும். ஆகவே "வெஜ்ஜா?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. "ஃபிஷ் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், இறால் பேஸ்ட், டாஷி எதுவும் இல்லாம செய்ய முடியுமா?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கேட்டு வந்து பதில் சொல்வார்கள். கேட்காமலே "ஆமா சார், வெஜ்தான்" என்று தலையாட்டினால் அந்தப் பதார்த்தத்தை விட்டுவிடுங்கள்.

ஹலால் பார்க்கிறவர்களும் கறியை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. டிம்சத்தில் பன்றி இறைச்சி சகஜம், ராமென் சாறு பல இடங்களில் பன்றி எலும்பில் எடுப்பது. அதோடு ஜப்பானியச் சமையலில் மிரின், சாகே என்ற அரிசி மது இரண்டும், சீனச் சமையலில் அரிசி ஒயினும் சுவைக்காகச் சேர்ப்பார்கள். தவக்காலத்தில் இறைச்சி விலக்குகிற நம்ம ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இங்கே கஷ்டமே இல்லை, மீனும் இறாலும் கணவாயும் கொட்டிக் கிடக்கிறது, சூப்பின் சாறு எதில் எடுத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலர்ஜி இருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். சதேயிலும் பேட் தாய் என்ற தாய்லாந்து நூடுல்ஸிலும் வேர்க்கடலை, சோயா சாஸில் கோதுமை, சுஷி ரோலின் மேல் எள். கிராப் ஸ்டிக் என்று வருவது பெரும்பாலும் நண்டே அல்ல, மீன் சதையை அரைத்து நண்டு மாதிரி செய்தது.

அஜினமோட்டோ போடுவார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் அந்தச் சுவையின் மூலமான குளுட்டமேட். அது தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. வேண்டாமென்றால் சொல்லலாம், ஆனால் சோயா சாஸிலேயே குளுட்டமேட் இருப்பதால் முழுக்க இல்லாமல் இந்தச் சாப்பாடு கிடைக்காது.

எவ்வளவு சொல்வது, எந்த வரிசையில்

ஆளுக்கொரு பிளேட் என்ற கணக்கு இங்கே சரிவராது. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. நாலு பேர் என்றால் சூப் இரண்டு சொல்லி ஒன் பை டூ பண்ணச் சொல்லுங்கள், டிம்சம் இரண்டு கூடை, ஒரு கறி, அதற்குச் சோறு, ஒரு நூடுல்ஸ், ஒரு காய்கறிப் பொரியல். இதோடு நிறுத்துங்கள். போதவில்லை என்றால் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லி மேசையில் ஆறிப்போக விடுவதுதான் பலரும் செய்வது. டிம்சம் ஆறினால் தோல் இறுகிவிடும், டெம்புரா நேரம் கழிந்தால் நமத்துப்போகும். "சூப்பும் டிம்சமும் முதல்ல, கறி நாங்க சொன்னப்புறம்" என்று சொல்லிவிடுங்கள்.

டிம்சத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூங்கில் கூடையின் மூடியைத் திறந்தால் ஆவி அடங்கியதும் ஹார் கவ் என்கிற இறால் டிம்சம் தெரியும். தோல் கண்ணாடி போல மெல்லிசு, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும், ஓரத்தில் விரல் நுனியால் மடித்த சின்னச் சின்னச் சுருக்கங்கள். இந்தத் தோல் பளபளவென்று கொஞ்சம் இழுவையாக இருப்பதற்குக் காரணம் கோதுமை மாச்சத்தோடு சேர்க்கிற மரச்சீனி மாவு. ஆமாம், நம்ம மரச்சீனிதான். குலசேகரம் பக்கத்துத் தோட்டத்தில் விளைகிற அதே கிழங்கு இனம்தான் அங்கே இறாலுக்குச் சட்டையாகிறது. நல்ல ஹார் கவ் குச்சியால் தூக்கும்போது கிழியாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்கும். இறால் மாவாகக் குழைந்திருந்தால் பழைய இறால் என்று நம்ம ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூப் உள்ளே வைத்த டம்ப்ளிங் வந்தால் அப்படியே வாயில் போடாதீர்கள், உள்ளே கொதிக்கிற சாறு இருக்கும். கரண்டியில் வைத்து, ஓரத்தில் சின்னதாய்க் கடித்து, ஆவியை விட்டு, சாற்றை உறிஞ்சிவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள்.

டாம் யம் கிண்ணத்தில் எலுமிச்சைப்புல் தண்டு, எலுமிச்சை வகை இலை, வட்டமாக நறுக்கிய ஒரு கிழங்கு எல்லாம் மிதக்கும். அந்தக் கிழங்கு இஞ்சி அல்ல, பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இவையெல்லாம் வாசத்துக்குப் போட்டவை, மென்று தின்பதற்கில்லை. ரசத்தில் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாற்றைக் குடியுங்கள்.

குச்சி

குச்சியால் சாப்பிடத் தெரியாது என்பதற்காகவே இந்த இடங்களைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. தாய்லாந்தில் சோறும் கறியும் சாப்பிடுவது கரண்டியால்தான், இடது கையில் முள்கரண்டி வைத்துச் சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே ஏற்றுக்கொண்ட பழக்கம். குச்சி நிஜமாகவே உதவுவது நூடுல்ஸுக்கும் டிம்சத்துக்கும். பழக ஆசையிருந்தால், கீழ்க்குச்சியைக் கட்டைவிரலின் இடுக்கில் செருகி மோதிரவிரல் மேல் சாய்த்து வையுங்கள், அது அசையவே கூடாது. மேல்குச்சியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் இடையில் பிடித்து, அதை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். இரண்டையும் சேர்த்து அசைக்கப் பார்ப்பதால்தான் பலருக்கும் வருவதில்லை.

சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேராகக் கொடுக்காதீர்கள். இரண்டுமே ஜப்பானில் சாவு வீட்டுச் சடங்கை நினைவுபடுத்துகிறவை.

பச்சை மீன் பற்றி

இதைப் பற்றி நம்ம மாவட்டத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் காலையில் கரையேறுகிற மீனை வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, புதுசு என்றால் பத்திரம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சமைத்துச் சாப்பிடுகிற மீனுக்கு அது சரி. பச்சையாகச் சாப்பிடுகிற மீனுக்குப் புதுசு மட்டும் போதாது. கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும், எவ்வளவு புதிய மீனிலும் அது உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல மீனைக் கடுமையாக உறைய வைக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிற அளவு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆகவே ரெஸ்டாரன்டில் சஷிமி சாப்பிட்டு ருசி பிடித்துப்போய், மறுநாள் சந்தையில் நல்ல சூரை வாங்கி வீட்டில் சீவிச் சாப்பிடுகிற வேலை வேண்டவே வேண்டாம். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்து வருகிற சூரை அருமையான மீன், அதைக் குழம்பு வையுங்கள், பொரியுங்கள். சூரையை ஐஸில் சரியாக வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், அது வெந்தாலும் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

ரெஸ்டாரன்டில் கேளுங்கள்: "இந்த மீன் உறைய வச்சதா, எங்கிருந்து வருது?" "ஃப்ரோஸன்" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், பச்சை மீன் விஷயத்தில் அது நல்ல பதில். சால்மன் நம்ம கடலில் இல்லாத மீன், வெளிநாட்டுப் பண்ணைகளிலிருந்துதான் வருகிறது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீன் பக்கமே போக வேண்டாம்.

பச்சை மீன் இல்லாத சுஷியும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளரிக்காய் ரோல், அவகாடோ ரோல், பொரித்த இறால் வைத்த ரோல், சுட்ட விலாங்கு வைத்தது. முதல்முறை இதிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன உருண்டை இருக்கும், அது வசாபி. சட்னி என்று நினைத்து முழுசாக வாயில் போட்டுவிடாதீர்கள், மூக்கில் ஏறிவிடும், கடுகளவு போதும். சோயா சாஸில் தொடும்போது சோற்றுப் பக்கத்தை முக்காமல் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோறு உதிராது, உப்பும் கூடாது. இஞ்சி ஊறுகாய் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் வாயைச் சுத்தப்படுத்த.

பார்

குடிக்காதவர்கள் பார் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், வற்புறுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். மல்லிகை டீ கேளுங்கள், டிம்சத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. எலுமிச்சைப்புல், இஞ்சி, லிச்சி போட்ட மாக்டெயில்களும் இருக்கும், சொல்லும்போது "ஆல்கஹால் இல்லாம" என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லுங்கள். லாங் ஐலேண்ட் ஐஸ்டு டீ என்று ஒன்று இருக்கும், பெயரில்தான் டீ. வோட்கா, ஜின், ரம், டெகிலா எல்லாம் சேர்த்த கடும் சரக்கு அது.

குடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 30 மில்லி விஸ்கியில், அதாவது ஒரு சின்னப் பெக்கில், சுமார் 13 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஜப்பானியச் சாகே அரிசியைப் புளிக்க வைத்துச் செய்வது, சுமார் 15 சதவீதம். மென்மையாக இறங்கும், சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள், அதனால் ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் 180 மில்லிக் குடுவை ஒன்றில் 27 மில்லி ஆல்கஹால், அதாவது இரண்டு சின்னப் பெக்குக்கு மேல். கொரிய சோஜு 360 மில்லி பாட்டில் 16 சதவீதம் என்று வைத்தாலும் ஏறக்குறைய நாலரை பெக். பழ வாசம் சேர்த்த சோஜு இனிப்பாக வேறு இருக்கும், ஜூஸ் மாதிரி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் தெரியும். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை பெக். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், டிம்சம் வந்த பிறகு முதல் மடக்கு. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

ஓட்டுகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். பாறசாலை தாண்டி மார்த்தாண்டம் வரைக்கும் அந்த ரோடு ராத்திரியில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், எதிரே டாரஸ் லாரிகள் வரிசையாக வரும். நம்ம மாவட்டத்தில் அந்த ரோட்டில் ஆளைப் பறிகொடுக்காத ஊர் இல்லை. ஓட்ட ஆள் இல்லையென்றால் டாக்ஸி பிடியுங்கள், அல்லது அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் ரயிலேறுங்கள்.

பில்

பில் வந்ததும் மேலிருந்து கீழே படியுங்கள், கூச்சப்படாதீர்கள். சாதாரண ரெஸ்டாரன்டில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரன்ட் என்றால் 18 சதவீதம். 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஒரு இடத்தில் வரி 200, இன்னொரு இடத்தில் 720, இதை மெனு பார்க்கும்போதே மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனியாக வரும், அதனால் பில்லில் இரண்டு பகுதி இருப்பது இயல்புதான்.

சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது அரசாங்க வரி அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு, நன்றாகக் கவனித்த பிள்ளைக்கு உங்கள் கையாலேயே ஏதாவது கொடுங்கள், அதுதான் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்வது

தாராளமாகக் கேளுங்கள், எல்லா இடத்திலும் பார்சல் செய்து தருவார்கள். ஆனால் எதைக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். சுஷியும் சஷிமியும் கட்டவே வேண்டாம், அங்கேயே தீர்த்துவிடுங்கள். வெந்த சாப்பாடும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் வருவதற்கே அந்த நேரம் ஆகிவிடும். மேசையில் இருந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்தில் வீடு என்றால் கறியைக் கட்டலாம், அதையும் ஏசி போட்ட காரில், காலடியில் வைக்காமல். வெந்த சோற்றைக் கட்ட வேண்டாம், வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில்தான் வயிற்றைக் கெடுக்கிற கிருமி வேகமாகப் பெருகும்.

தாய் கறியை மறுநாள் சூடுபண்ணும்போது தீயைக் கூட்டினால் தேங்காய்ப்பால் பிரிந்து எண்ணெய் மேலே நிற்கும். சின்னத் தீயில் வைத்து, அரைக் கிளாஸ் இரண்டாம் பால் ஊற்றி, கிண்டிக்கொண்டே நன்றாக ஆவி வரும்வரை சூடாக்குங்கள். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் அது பிரமாதமாகச் சேரும்.